ஒளி உறைந்ததா? 'வலுப்பிணைப்பு' என்ற சொல்லின் பின்னணி

2025 மார்ச்சில் "விஞ்ஞானிகள் ஒளியை உறைய வைத்துவிட்டார்கள்" என்றொரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. இத்தாலியின் லெச்சே நகரத்து ஆய்வகம் ஒன்று நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வைச் சுருக்கி, இன்னும் சுருக்கி, கடைசியில் வந்து நின்ற தலைப்பு அது. அதே ஆண்டு அக்டோபரில் ஜான் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கையில் எடுத்துப் பார்க்கும் அளவுள்ள ஒரு மின்சுற்று, அணுவைப் போலக் குவாண்டம் விதிப்படி நடக்கும் என்று 1980-களில் காட்டியவர்கள் அவர்கள். இவற்றுக்கு நடுவே 'பாதி ஒளி, பாதிப் பொருள்', 'அறை வெப்பநிலையில் குவாண்டம்' என்று துண்டு துண்டாகச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன.

தனித்தனியாகப் படித்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும். ஆனால் இவற்றின் அடியில் ஓடுவது ஒரே இயற்பியல்தான். ஒளிக்கும் பொருளுக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல் போதுமான வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதே அது. அதற்குப் பெயர் வலுப்பிணைப்பு. அதை அடியிலிருந்து பார்ப்போம். கணிதம் வேண்டாம், ஒரு வேப்பமரமும் இரண்டு ஊஞ்சலும் போதும்.

ஒரே கொப்பில் இரண்டு ஊஞ்சல்

வேப்பமரத்தின் வளைந்து கொடுக்கும் கொப்பு ஒன்றில் இரண்டு ஊஞ்சல் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் கயிற்றின் நீளம் சமம். ஒன்றை மட்டும் ஆட்டிவிட்டு விலகி நின்றால், சிறிது நேரத்தில் யாரும் தொடாத இரண்டாவது ஊஞ்சல் மெல்ல ஆடத் தொடங்கும். முதல் ஊஞ்சலின் ஆட்டம் குறையும். ஒரு கட்டத்தில் முதலாவது நின்றே போய், முழு ஆட்டமும் இரண்டாவதுக்கு வந்திருக்கும். அப்புறம் அது திரும்பிப் போகும். இரண்டு நாற்காலிகளுக்கு இடையே தளர்வாக ஒரு கயிறு கட்டி, சம நீள நூலில் இரண்டு கல்லைத் தொங்கவிட்டு இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

1. நீளம் சமமாக இருக்க வேண்டும். ஒரு கயிற்றைக் கொஞ்சம் குட்டையாக்கினாலே பரிமாற்றம் பாதியில் நின்றுவிடும். இரண்டும் ஒரே வேகத்தில் ஆட விரும்பும்போதுதான் ஆற்றல் முழுமையாகக் கைமாறும். இதுவே ஒத்ததிர்வு.

2. எவ்வளவு சீக்கிரம் கைமாறும் என்பதைக் கொப்பு முடிவு செய்கிறது. நன்றாக வளையும் கொப்பு என்றால் சீக்கிரம். விறைப்பான கொப்பு என்றால் வெகு நேரம்.

3. இந்த ஜோடிக்கு இரண்டு 'சொந்த' ஆட்டங்கள் உண்டு. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து ஆடுவது ஒன்று, எதிரெதிராக ஆடுவது இன்னொன்று. இவற்றின் அதிர்வெண்கள் சற்றே வேறுபடும். தனியாக இருந்தபோது இரண்டு ஊஞ்சலுக்கும் ஒரே அதிர்வெண். சேர்த்துக் கட்டியதும் அந்த ஒன்று இரண்டாகப் பிளக்கிறது. பரிமாற்றம் எவ்வளவு வேகமோ, பிளவும் அவ்வளவு பெரிது.

மூன்றாவது கருத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகங்களில் 'வலுப்பிணைப்பு கிடைத்துவிட்டது' என்று சொல்வதற்குக் காட்டப்படும் முதல் சான்று இந்தப் பிளவுதான்.

ஆய்வகத்தில் ஊஞ்சல்கள் எவை?

முதல் ஊஞ்சல் ஒளி. திறந்த வெளியில் ஓடும் ஒளியை ஊஞ்சலாக்க முடியாது. அதை ஒரு பெட்டிக்குள் அடைக்க வேண்டும். ஒளியைத் திருப்பி அனுப்பும் இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்தால் அப்படி ஒரு பெட்டி. இதைத் துறையில் கேவிட்டி என்கிறார்கள். இங்கே ஒளிப்பெட்டி என்று சொல்லிக்கொள்வோம். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களில், ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்கள் வெவ்வேறு சுரம் கொடுக்கின்றன. ஒவ்வொரு தூணின் பருமனும் நீளமும் அதன் சுரத்தை நிர்ணயிக்கின்றன. ஒளிப்பெட்டியும் அப்படித்தான். அதன் அளவுக்குப் பொருந்தும் நிறங்கள் மட்டுமே உள்ளே தங்கும்.

இரண்டாவது ஊஞ்சல் பொருள். ஓர் அணுவோ மூலக்கூறோ தாழ்ந்த ஆற்றல் மட்டத்திலிருந்து உயர்ந்த மட்டத்துக்கு ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குக் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண் உண்டு. பொருள் என்ற இடத்தில் இவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்:

1. தனி அணு.

2. சாய மூலக்கூறு.

3. குவாண்டம் புள்ளி. சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை உள்ள குறைகடத்தித் துணுக்கு இது. தன் அளவால் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும். இதைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக 2023-ல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள்.

4. எக்ஸைட்டான். குறைகடத்தியில் ஓர் எலக்ட்ரான் மேலே ஏறும்போது அது விட்டுப்போன காலியிடமும் அந்த எலக்ட்ரானும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றும் ஜோடி.

5. மீக்கடத்திச் சுற்று. மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் பொருளில் செய்த சுற்று இது. அலுமினியத் தகடுகள் இரண்டுக்கு நடுவே ஓரிரு நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் வைத்துச் செய்வது. நோபல் பெற்ற மூவரின் சுற்றும் இந்த வகைச் சந்தியை வைத்துச் செய்ததுதான். இது செயற்கை அணு.

கொப்பின் வேலையைச் செய்வது மின்புலம். பெட்டிக்குள் இருக்கும் ஒளியின் மின்புலம் பொருளின் எலக்ட்ரானை இழுத்துத் தள்ளுகிறது. எலக்ட்ரானின் அசைவு ஒளிக்கு ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கிறது.

கசிவோடு ஓட்டப்பந்தயம்

மரத்து ஊஞ்சல் தானாக நின்றுபோகச் சில நிமிடமாவது ஆகும். ஒளிப்பெட்டியில் அந்த வசதி இல்லை. கண்ணாடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒளி கசிந்து வெளியே போகும். பொருளும் தன் ஆற்றலை வேறு வழிகளில் இழக்கும். வெப்ப அதிர்வுகளில் அதன் தாளம் தவறும். ஆக, எந்தக் கருவியை எடுத்தாலும் மூன்று எண்கள் கேட்க வேண்டும்.

1. பரிமாற்ற வேகம்: ஒளியும் பொருளும் ஆற்றலை மாற்றிக்கொள்ளும் வேகம்.

2. ஒளிக் கசிவு: பெட்டியிலிருந்து ஒளி தப்பும் வேகம்.

3. பொருள் கசிவு: பொருள் தன் ஆற்றலையோ தாளத்தையோ இழக்கும் வேகம்.

கசிவுகள் ஜெயித்தால் அது பலவீனப் பிணைப்பு. பொருள் ஒளியைக் கொடுக்கும், அது திரும்பி வருவதற்குள் வெளியே போய்விடும். இதிலும் பயன் இல்லாமல் இல்லை. பெட்டிக்குள் வைத்த பொருள் வெளியில் இருப்பதைவிட வேகமாக ஒளியை உமிழும் என்று 1946-லேயே எட்வர்ட் பர்செல் சொன்னார். இன்றைக்கு ஒற்றை ஒளித்துகளைக் கேட்ட நேரத்தில் தரும் குவாண்டம் புள்ளி விளக்குகளில் மிகச் சிறந்தவை பெரும்பாலும் இந்த பர்செல் விளைவில்தான் இயங்குகின்றன. அங்கே வேண்டியது ஒளி சீக்கிரம் வெளியே வருவது. 'வலு' என்ற சொல்லைப் பார்த்ததும் அதுதான் எப்போதும் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பரிமாற்றம் இரண்டு கசிவுகளையும் முந்தினால் வலுப்பிணைப்பு. ஒளி வெளியே போவதற்குள் பொருளுக்குப் போய்த் திரும்பி வந்துவிடும். இந்த நிலையை ஒரே ஓர் அணு, ஒரே ஒரு ஒளி வகை என்று எளிமையாக்கி முழுமையாகக் கணக்கிட்டவர்கள் எட்வின் ஜேன்ஸும் ஃப்ரெட் கம்மிங்ஸும், ஆண்டு 1963. அறுபது ஆண்டு கழித்தும் இந்தத் துறையில் எல்லோரும் தொடங்குவது அந்தக் கணக்கிலிருந்துதான்.

பாதி ஒளி, பாதிப் பொருள்

பரிமாற்றம் வேகமாக நடக்கும்போது 'இப்போது ஆற்றல் யாரிடம்?' என்ற கேள்விக்கே பொருள் குறைந்துவிடுகிறது. ஊஞ்சல் ஜோடியின் இரண்டு சொந்த ஆட்டங்களிலும் இரண்டு ஊஞ்சலுக்கும் சம பங்கு இருந்ததல்லவா? அதே போல இங்கும் கிடைப்பது ஒளியும் பொருளும் கலந்த இரண்டு புதிய நிலைகள். இவற்றுக்குப் போலாரிட்டான் என்று பெயர். பத்தமடைப் பாயில் பாவு நூல், ஊடு கோரை. இரண்டும் சேர்ந்த பிறகு அது பாய். நூலின் இழுவையும் கோரையின் வழவழப்பும் சேர்ந்தே அதில் இருக்கும். போலாரிட்டானும் ஒளியிடமிருந்து லேசான எடையையும் வேகத்தையும், பொருளிடமிருந்து ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் குணத்தையும் எடுத்துக்கொள்கிறது. சாதாரண ஒளித்துகள்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். போலாரிட்டான்கள் அப்படிப் போவதில்லை.

குறைகடத்தி அடுக்குகளில் இதை 1992-ல் கிளாட் வைஸ்புஷ், ஜப்பானில் யசுஹிகோ அரகாவா குழுவோடு சேர்ந்து காட்டினார். 2006-ல் காட்மியம் டெலுரைடு அடுக்குகளில் 19 கெல்வின் (மைனஸ் 254 டிகிரி செல்சியஸ்) வெப்பநிலையில் போலாரிட்டான்கள் ஒட்டுமொத்தமாக ஒரே குவாண்டம் நிலைக்குள் வந்து சேர்ந்தன. அணுக்களை அப்படிச் சேர்க்க ஒரு கெல்வினில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே குளிர்விக்க வேண்டியிருக்கும். போலாரிட்டானின் நிறை எலக்ட்ரானின் நிறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ இருப்பதால் இவ்வளவு 'சூட்டிலேயே' முடிந்தது.

இப்போது 'உறைந்த ஒளி'க்கு வருவோம். லெச்சே குழு, நுண்ணிய வரிகள் செதுக்கிய குறைகடத்தித் தகட்டின் மேல் லேசர் பாய்ச்சி இப்படிப்பட்ட போலாரிட்டான் திரளை உண்டாக்கியது. ஒரு கட்டத்துக்கு மேல் அந்தத் திரள், படிகத்தைப் போலச் சீரான இடைவெளியில் அடர்ந்தும் தளர்ந்தும் தானாகவே ஒரு கோலம் போட்டுக்கொண்டது. அதே நேரம் முழுத் திரளும் ஒரே குவாண்டம் நிலையாகவும் தொடர்ந்தது. திடப்பொருளின் ஒழுங்கும் உராய்வில்லாத பாய்மத்தின் குணமும் சேர்ந்த இந்த நிலைக்கு மீத்திண்மம் என்று சொல்லலாம். ஆக, ஒளி பனிக்கட்டி ஆகவில்லை. நின்றும் போகவில்லை. ஒளியும் பொருளும் கலந்த திரள் ஒன்று படிகத்தைப் போல வரிசை கட்டியது. தலைப்பு விட்டுவிட்டது அந்தக் கலப்பைத்தான்.

ஏன் நானோ அளவு?

பந்தயத்தில் ஜெயிக்க இரண்டு வழி. கசிவைக் குறைக்கலாம், அல்லது பரிமாற்றத்தை வேகமாக்கலாம்.

முதல் வழியின் உச்சம் செர்ஜ் ஹரோஷின் பாரிஸ் ஆய்வகம். மீக்கடத்திக் கண்ணாடிகள் இரண்டை மூன்று சென்டிமீட்டர் அளவு இடைவெளியில் வைத்து, அவற்றுக்கு நடுவே ஒரு நுண்ணலைத் துகளை 0.13 வினாடி வரை வைத்திருந்தார்கள். 0.13 வினாடி அற்பமாகத் தெரியலாம். அதற்குள் அந்தத் துகள் முன்னும் பின்னும் ஓடிய தூரம் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர்; பூமியை ஒரு சுற்று. இந்த வழி ஆய்வுகளுக்காக 2012-ல் அவர் டேவிட் வைன்லாண்டோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டாவது வழிதான் நானோ கருவிகளின் வழி. ஒரே அளவு ஆற்றலைச் சிறிய இடத்துக்குள் அடைத்தால் அங்கே மின்புலம் பலமாகிறது. கணக்கு இது: பெட்டியின் கன அளவு 100 மடங்கு சுருங்கினால் பரிமாற்ற வேகம் 10 மடங்கு கூடும், 10,000 மடங்கு சுருங்கினால் 100 மடங்கு கூடும். அதாவது சுருக்கத்தின் வர்க்கமூலம்.

ஆனால் கண்ணாடிகளை வைத்து ஒளியைச் சுருக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. அலைநீளத்தில் பாதிக்குக் கீழே அது சுருங்க மறுக்கும். சிவப்பு ஒளிக்கு, ஜன்னல் கண்ணாடி போன்ற ஊடகத்துக்குள், அந்த எல்லை ஒரு பக்கம் 200 நானோமீட்டருக்குச் சற்று மேலே நிற்கும். கன அளவில் ஒரு கோடி கன நானோமீட்டர்.

அந்த எல்லையைத் தாண்டும் வழி உலோகத்தில் இருக்கிறது. தங்கத்தின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் கூட்டமாக அலையடிக்கும். அந்த அலையோடு ஒளி சேர்ந்துகொண்டால் உலோகங்களுக்கு நடுவிலுள்ள மிகக் குறுகிய சந்துக்குள்ளும் புகுந்துவிடும். கேம்பிரிட்ஜில் ஜெரமி பாம்பெர்க்கின் ஆய்வகம், ரோஹித் சிக்கரட்டி முதல் ஆசிரியராக இருந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதன் அழகான எடுத்துக்காட்டு. அமைப்பைப் பாருங்கள்:

1. கீழே தட்டையான தங்கப் பரப்பு.

2. அதன் மேல் பீப்பாய் வடிவ மூலக்கூறுகள் ஒரே அடுக்காக. பூசணி போன்ற வடிவத்தால் இவற்றுக்குப் பூசணிக் குடும்பத்தின் லத்தீன் பெயரையே வைத்து கியூகர்பிட்யூரில் என்கிறார்கள்.

3. பீப்பாய்க்குள், உரலுக்குள் நிறுத்திய உலக்கை மாதிரி, மெத்திலீன் நீலச் சாய மூலக்கூறு ஒன்று.

4. மேலே 40 நானோமீட்டர் விட்டமுள்ள தங்க உருண்டை.

உருண்டைக்கும் தரைக்கும் நடுவே சந்து 0.9 நானோமீட்டர். மூன்று தங்க அணுக்களை வரிசையாக வைத்தால் அவ்வளவுதான். ஒளி அடைபட்ட இடம் 40 கன நானோமீட்டருக்கும் குறைவு. மேலே சொன்ன ஒரு கோடியோடு ஒப்பிட்டால் இரண்டரை லட்சம் மடங்கு சிறிது; அதன் வர்க்கமூலம் 500. கண்ணாடிப் பெட்டியில் கிடைப்பதைவிட ஏறத்தாழ 500 மடங்கு வேகப் பரிமாற்றம்! சாய மூலக்கூறை நட்டமாக நிறுத்தியதும் தற்செயல் இல்லை. சந்துக்குள் மின்புலம் மேலும் கீழுமாக இருப்பதால், மூலக்கூறும் அதே திசையில் நின்றால்தான் முழுப் பிடிப்பு கிடைக்கும். படுத்துக் கிடந்தால் ஒளி அதைத் தொடாமலே போய்விடும். மூலக்கூறுகளை ஒட்டிக்கொள்ள விடாமல் தனித்தனியாக வைப்பதும் பீப்பாயின் வேலைதான்.

இதற்குக் கொடுக்கும் விலை கசிவு. உலோகம் ஒளியை விழுங்கிவிடும். இந்தச் சந்தில் ஒளி நிற்பது பத்து ஃபெம்டோ வினாடி அளவுக்குத்தான். ஒரு ஃபெம்டோ வினாடி என்றால் ஒரு வினாடியைப் பத்து கோடி கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. ஹரோஷின் பெட்டியையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே பந்தயத்தில் இரு வேறு முனைகளிலிருந்து ஜெயித்தவர்கள் என்பது தெரியும்.

குளிர் எதற்கு? மகேந்திரகிரியிலிருந்து ஒரு கணக்கு

பணகுடி பக்கத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் கிரையோஜெனிக் என்ஜின் சோதனை நடப்பதால், திருநெல்வேலி வட்டாரத்தில் 'கிரையோஜெனிக்' (கடுங்குளிர்) பழகிய சொல். அங்கே பயன்படும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி செல்சியஸ், அதாவது 20 கெல்வின். மேலே சொன்ன 2006 சோதனையில் போலாரிட்டான் திரளின் வெப்பநிலையும் ஏறத்தாழ அதேதான். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான மீக்கடத்திக் கியூபிட்டுகளுக்கு அந்தக் குளிர் போதவே போதாது. அவற்றுக்கு 0.02 கெல்வின் அளவு வேண்டும்.

குளிர்விப்பதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. செய்திகளில் இவை கலந்துவிடுகின்றன.

1. தேவையில்லாத ஒளியை விரட்ட. மீக்கடத்திக் கியூபிட்டுகள் 5 கிகாஹெர்ட்ஸ் அளவு நுண்ணலையில் வேலை செய்கின்றன. அந்த அலையின் ஒரு துகளுக்கு ஆற்றல் மிகக் குறைவு. அறை வெப்பநிலையில், வெறும் வெப்பத்தாலேயே பெட்டிக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட துகள்கள் சும்மா நிறைந்து கிடக்கும். திரவ ஹைட்ரஜன் குளிரில்கூட எண்பதுக்கு மேல் இருக்கும். 0.02 கெல்வினில்தான் பெட்டி உண்மையிலேயே காலியாகும்.

2. பொருளின் தாளத்தைக் காக்க. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் முதல் தொல்லை இல்லை. திருநெல்வேலி அக்கினி நட்சத்திர வெயிலில்கூட ஒரு பெட்டி தானாகச் சிவப்பு ஒளியால் நிறைவதில்லை. அங்கே பிரச்சினை பொருள். வெப்ப அதிர்வுகள் அதன் தாளத்தைக் கலைக்கின்றன. 2004-ல் ஒற்றைக் குவாண்டம் புள்ளியை நுண்தூண் வடிவ ஒளிப்பெட்டிக்குள் வைத்துக் கிடைத்த பிளவு ஏறத்தாழ 0.14 மில்லி எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றலை அளக்கும் அலகு). அறை வெப்பநிலையில் அதே புள்ளியின் நிறமாலைக் கோடு பல மில்லி எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குப் பரவிவிடும். பிளவு அதற்குள் மூழ்கிப்போகும். அதனால்தான் குளிர்விக்க வேண்டியிருந்தது.

தங்கச் சந்தில் ஒற்றை மூலக்கூறின் பரிமாற்ற வலிமை 90 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டை எட்டியது. அறை வெப்ப ஆற்றல் 26 தான். வெப்பத்தின் கலைப்பை வேகத்தால் முந்திவிட்டார்கள். 'அறை வெப்பநிலையில்' என்ற செய்தியின் உள்ளடக்கம் இதுதான்.

ஊஞ்சல் உவமை உடையும் இடம்

இதுவரை ஊஞ்சல் நம்மைக் கூட்டி வந்தது. ஆனால் ஊஞ்சலில் குவாண்டம் எதுவும் இல்லை. மரத்து ஊஞ்சல்களிலேயே அதிர்வெண் இரண்டாகப் பிளக்கிறது என்றால், நிறமாலையில் இரண்டு சிகரம் தெரிவது மட்டும் குவாண்டம் நடத்தைக்குச் சான்றாகாது. இந்தத் துறைச் செய்திகளைப் படிப்பவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய மிக முக்கியமான வேறுபாடு இது என்று நினைக்கிறேன்.

எங்கே குவாண்டம் நுழைகிறது? தாமிரபரணிப் படித்துறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படியும் ஒரே உயரம் என்றால் ஒரே அளவு எட்டு வைத்து மேலே போய்க்கொண்டே இருக்கலாம். ஊஞ்சலின் ஆற்றல் படிகள் அப்படிச் சமமானவை. ஒரே ஓர் அணுவும் ஒளியும் பிணைந்தால் படிகள் சமமாக இருப்பதில்லை. முதல் ஒளித்துகள் நுழையும்போது கிடைக்கும் பிளவு ஓர் அளவு. இரண்டாவது துகளும் சேர்ந்தால் பிளவு அதைப்போல 1.41 மடங்கு, மூன்றாவதுக்கு 1.73 மடங்கு. காரணம் எளிது: ஓர் அணுவால் ஒரு நேரத்தில் ஒரு துகளைத்தான் வாங்கிக்கொள்ள முடியும்.

விளைவு பெரிது. முதல் படிக்குச் சரியாகப் பொருந்தும் நிறத்தில் லேசரை வைத்தால், ஒரு துகள் உள்ளே போகும். அடுத்த படியின் உயரம் வேறு என்பதால் இரண்டாவது துகள் வாசலிலேயே நின்றுவிடும். ஒற்றைத் துகள் இன்னொரு துகளின் வழியை மறிக்கிறது. இதை அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் ஜெஃப் கிம்பிளின் குழு 2005-ல் தனி அணுவை வைத்தும், ஸ்டான்ஃபோர்டில் யெலேனா வுச்கோவிச்சின் குழு 2008-ல் குவாண்டம் புள்ளியை வைத்தும் காட்டின. சமமில்லாத படிகளை மீக்கடத்திச் சுற்றில் நேரடியாக அளந்ததும் 2008-ல்தான்.

ஒன்றுக்குப் பதில் லட்சக்கணக்கான மூலக்கூறுகளைப் பெட்டிக்குள் போட்டால்? பிணைப்பு வலுக்கும்; மூலக்கூறுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குப் பிளவு பெரிதாகும். 1998-லேயே கரிமச் சாயப் படலங்களில் அறை வெப்பநிலையில் பெரிய பிளவு பார்த்தாயிற்று. ஆனால் ஒரு மூலக்கூறு துகளை வாங்கிக்கொண்டால் பக்கத்தில் இன்னும் ஆயிரம் காலியாகக் காத்திருக்கின்றன. அதனால் படிகள் மறுபடி சமமாகிவிடுகின்றன. பிளவு கூடுகிறது, ஒற்றைத் துகளின் செல்வாக்கு போய்விடுகிறது. லேசர், சூரிய மின்கலம், வேதிவினை ஆய்வு போன்றவற்றுக்கு அந்தக் கூட்டுப் பிணைப்பு பயன்படலாம். ஒற்றைத் துகளை வைத்து இயங்க வேண்டிய குவாண்டம் கருவிக்கு அது நேராக உதவாது. ஆகவே 'அறை வெப்பநிலையில் வலுப்பிணைப்பு' என்று படித்தால் அடுத்த கேள்வி: எத்தனை மூலக்கூறு?

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ஒரு ஒளித்துகள்

இவ்வளவும் எதற்கு? மிகத் தெளிவான தேவை தகவல் தொடர்பில் இருக்கிறது.

நல்ல ஒளியிழைக் கம்பியில் ஒளி ஒவ்வொரு 15 கிலோமீட்டருக்கும் பாதியாகிறது. திருநெல்வேலியிலிருந்து வடக்கே கிளம்பினால் கங்கைகொண்டான் பக்கம் பாதி, கயத்தாறு பக்கம் கால், கோவில்பட்டியை எட்டும்போது நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. மதுரைக்குப் போய்ச் சேர்வது ஆயிரத்தில் ஒன்று. 600 கிலோமீட்டருக்கு மேலுள்ள சென்னை வரை போக 40 முறை பாதியாக வேண்டும். லட்சம் கோடித் துகள்களை அனுப்பினால் ஒன்று போகுமா என்பதே சந்தேகம்.

இன்றைய இணையம் இந்தச் சிக்கலை வழியில் பெருக்கிகள் வைத்துத் தீர்க்கிறது. குவாண்டம் செய்தியில், அதாவது ஒற்றை ஒளித்துகளின் நிலையில் ஏற்றி அனுப்பும் செய்தியில், அது நடக்காது. அறியாத ஒரு குவாண்டம் நிலையைப் பிழையின்றி நகலெடுக்க முடியாது என்பது 1982-ல் நிறுவப்பட்ட விதி. ஒட்டுக்கேட்பவரைத் தடுப்பதும் இந்த விதிதான், பெருக்கியைத் தடுப்பதும் இதேதான்.

மிஞ்சும் வழி இது:

1. பாதையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, இடையிடையே நிலையங்கள் வைப்பது.

2. ஒவ்வொரு நிலையத்திலும் வந்த ஒளித்துகளின் நிலையைப் பொருளுக்குள், எலக்ட்ரான் சுழற்சியிலோ அணுக்கருச் சுழற்சியிலோ, இறக்கி வைப்பது.

3. பக்கத்துத் துண்டு தயாராகும் வரை காத்திருப்பது.

4. தயாரானதும் இரண்டு துண்டுகளையும் குவாண்டம் பின்னலால் இணைப்பது. தூரத்தில் இருக்கும் இரண்டின் நிலைகளும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருப்பதுதான் பின்னல்.

இரண்டாம் படி நடக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு துகளும் ஒரே ஒரு அணுவும் தவறாமல் சந்திக்க வேண்டும். வெட்டவெளியில் அது அபூர்வம். நானோ ஒளிப்பெட்டியில்தான் அது நம்பத்தக்க வேலையாகிறது. வைரத்தில் கார்பன் அணுக்கள் இரண்டை எடுத்துவிட்டு நடுவே ஒரு சிலிக்கான் அணுவை உட்காரவைத்து, அந்த வைரத்தையே நுண்துளைகள் வரிசையாகக் குடைந்த ஒளிப்பெட்டியாக ஹார்வர்டில் செதுக்கியிருக்கிறார்கள். 2024-ல் இப்படிப்பட்ட இரண்டு நிலையங்களை, பாஸ்டன் நகரத்தில் ஏற்கெனவே புதைத்திருந்த 35 கிலோமீட்டர் ஒளியிழை வழியாகப் பின்னலில் இணைத்தார்கள். ஏறத்தாழ திருநெல்வேலிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் உள்ள தூரம். இரண்டு நிலையங்களும் ஒரு கெல்வினுக்குக் கீழே குளிர்ந்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இத்தகைய வேலைக்கு நிறமாலையில் பிளவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பரிமாற்ற வேகத்தின் வர்க்கத்தை இரண்டு கசிவுகளின் பெருக்கத்தால் வகுத்தால் வரும் எண் ஒன்றைவிட மிகப் பெரிதாக இருக்க வேண்டும். பொறியாளர்கள் உண்மையில் துரத்துவது அந்த எண்ணைத்தான்.

கணினிப் பக்கம் கதை வேறு மாதிரி. மீக்கடத்திக் கியூபிட்டை நேராகத் தொட்டுப் படித்தால் அதன் நிலை கலைந்துவிடும். அதனால் பக்கத்தில் ஒரு நுண்ணலைப் பெட்டியை வைத்து வலுவாகப் பிணைக்கிறார்கள். கியூபிட் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்பப் பெட்டியின் சுரம் லேசாக மாறும். சுரத்தைக் கேட்டு நிலையை அறிகிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2004-ல் இந்தப் பிணைப்பைக் காட்டியபோது தொடங்கிய முறை இன்றைக்கு மீக்கடத்திக் கணினிகளில் வழக்கமான வேலை.

இந்தியாவின் தேசிய குவாண்டம் திட்டம் 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்றது; காலம் 2030-31 வரை. நான்கு மையங்களில் தகவல் தொடர்புக்கானது சென்னை ஐஐடியில் இருக்கிறது. கருவிகளுக்கும் பொருள்களுக்குமானது டெல்லி ஐஐடியில். பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலோ மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ இயற்பியலும் வேதியியலும் படிக்கும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்கலாம். இந்தத் துறைக்குக் குவாண்டம் கோட்பாடு மட்டும் போதாது. மெல்லிய படலம் படியவைப்பது, தங்க நுண்துகள் தயாரிப்பது, சாய மூலக்கூறை ஒரு கூட்டுக்குள் நிறுத்துவது எல்லாம் கைவேலை. மெத்திலீன் நீலம் பெரும்பாலான வேதியியல் ஆய்வகங்களில் அலமாரியிலேயே இருக்கும்.

இன்னும் அவிழாத முடிச்சு

உலோகச் சந்தில் பரிமாற்றம் வேகம், ஆனால் ஒளி நிற்பதில்லை. ஜன்னல் கண்ணாடி, சிலிக்கான் போன்ற உலோகமல்லாத பொருள்களில் ஒளி நிற்கிறது, ஆனால் சுருங்குவதில்லை. இரண்டையும் சேர்க்க முடியுமா என்பதுதான் இப்போதைய பெரிய முயற்சி.

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உலோகமே இல்லாமல், சிலிக்கானில், நடுவில் குறுகி இரு பக்கமும் விரியும் வில் முடிச்சு வடிவத்தில் செதுக்கி, நடுவே 8 நானோமீட்டர் அகலத்துக்கு ஒளியைச் சுருக்கியதை 2022-ல் வெளியிட்டார்கள். அதற்கும் குறுகலாக வெட்டும் கருவி இல்லாதபோது, அடுத்த ஆண்டு வேறு வழி பிடித்தார்கள். இரண்டு சிலிக்கான் துண்டுகளை மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, மிக நெருங்கிய பரப்புகள் ஒன்றையொன்று தாமாக இழுத்துக்கொள்ளும் விசையைக் கொண்டே அவற்றை ஒருசில நானோமீட்டர் இடைவெளி வரை நெருங்க வைத்தார்கள். சந்து தயார். அதற்குள் ஒரே ஒரு மூலக்கூறையோ குவாண்டம் புள்ளியையோ சரியான இடத்தில், சரியான திசையில் கொண்டுபோய் நிறுத்தும் வேலை இனிமேல்தான் இருக்கிறது.